மஞ்சள், சிவப்பு, நீலம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. பக்கவாதம் வந்த அப்பா வலது கையால் தானே சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? அவரையும் கவனித்துக்கொள்.

"ஊசி போட்டும் மூளையில் அடைத்த ரத்தக்கட்டி ஏன் கரையவில்லை? நாங்கள்தான் தாமதமாகக் கூட்டிப்போனோமா?" என்று கேட்டிருந்தாய். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. நீ லேப் வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அதனால் போன வாரம் என் லேப் மேசைக்கு வந்த ஒரு ரத்தக்கட்டியை வைத்தே சொல்கிறேன்.

அதுவும் மூளை ரத்தக்குழாயிலிருந்து இழுத்து எடுத்ததுதான். ஃபார்மலினுக்குள் ஒரு நெல்மணி அளவில் கிடந்தது. ஒரு முனை கருஞ்சிவப்பு, மறுமுனை வெளுப்பு. மெழுகில் பதித்து 4 மைக்ரான் கனத்துக்குச் சீவினேன். வழக்கமான எச் அண்ட் ஈ சாயம் போட்டால் ரத்தத்தை உறையவைக்கும் இழையான ஃபைப்ரின், தட்டணுவான பிளேட்லெட், நார்ப்புரதமான கொலாஜன் எல்லாமே ரோஸ் நிறம்தான், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அதனால் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று சாயம் சேர்ந்த மார்ஷியஸ் ஸ்கார்லெட் புளூ போட்டேன். 1962-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் லெண்ட்ரமும் அவர் குழுவும் ஃபைப்ரினுக்காக உருவாக்கிய முறை. மூன்று சாயங்களும் மூன்று அளவு. மஞ்சள்தான் பொடிசு, இறுக்கமான சிவப்பணுவுக்குள்ளும் புகுந்துவிடும். நடுத்தரமான சிவப்பு ஃபைப்ரினில் தங்கும். பிறகு பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் கொலாஜனில் ஏறிய சிவப்பைக் கழற்றும். அந்த இடத்தைப் பெரிய நீலச் சாயம் பிடித்துக்கொள்ளும். அமிலத்தில் எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைப்பழக்கம் எல்லாம். முதல் ஸ்லைடைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டேன், ஃபைப்ரினும் வெளிறிப்போனது. அவ்வளவு சின்னத் துண்டில் ஒரு சீவல் வீணானாலும் மனசு பதறுகிறது.

இரண்டாவது ஸ்லைடு அருமையாக வந்தது. கருஞ்சிவப்பாக இருந்த முனை முழுக்க மஞ்சள், நடுவே சிலந்தி நூல் மாதிரி மெல்லிய சிவப்பு இழைகள். வெளுத்த முனையிலோ சிவப்பு பட்டை பட்டையாக, இடைவெளியே இல்லாமல். அதற்குள் சாம்பல் திட்டுகள். அவை பிளேட்லெட்டா என்று உறுதி செய்யத் பிளேட்லெட்டை அடையாளம் காட்டும் சிடி61 சோதனையைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. ஆமாம், பிளேட்லெட்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஊசி மருந்து வேலை செய்வது ஃபைப்ரின் இழைகளை அறுத்து. சிவப்பணு நிறைந்த தளர்வான கட்டிக்குள் மருந்து சுலபமாக இறங்கும். பிளேட்லெட்டும் ஃபைப்ரினும் நெருங்கிப் பின்னிய கட்டிக்குள் அப்படி இறங்காது. நேரம் முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டி எதனால் ஆனது என்பதும் முக்கியம், ராஜி. அப்பாவுக்கு வந்தது அந்த இறுகிய ரகமாக இருந்திருக்கலாம். உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பாவின் கட்டியைப் பற்றிய ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, வரிவரியாகச் சேர்ந்து படிப்போம். அப்புறம், தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அப்பாவுக்குப் பிடித்த அதிரசம் கொண்டுவரலாமா, இல்லை டாக்டர் இனிப்பு வேண்டாம் என்றிருக்கிறாரா? எழுது.

அன்புடன்,
மல்லிகா