பாட்டியின் பாட்டு யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். விடியற்காலைப் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முதல் வேலையை மேற்பார்க்கும் தண்டலைக் கிண்டல் செய்வது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் பாட்டு உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து அவற்றைப் பதிவு செய்துகொண்டு போனார். பாட்டி தேநீரும் கொடுத்து அனுப்பினார். அண்மையில் அந்தக் குரலைக் கேட்க ஆசைப்பட்டு விசாரித்தேன். காப்பகத்தில் இருக்கிறதாம், அனுமதிக் கடிதம் வேண்டும், நகலுக்குக் கட்டணம் என்றார்கள். பேரனுக்கே!

நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஒலிப்பதிவின் உரிமை அதற்கு ஏற்பாடு செய்தவர் பக்கமே சாய்கிறது. லயமே சேர்ந்து பாடிய பாட்டுக்கு ஒற்றை ஆசிரியரை எங்கே தேடுவது?

எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே காட்டோரம் வாழும் தெமியார் பூர்வகுடி மக்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்களின் செவாங் எனும் சடங்கு ஆட்டத்தின் பாட்டுகள் கனவில் ஆவிகள் தந்தவை. அதை எந்தப் படிவத்தில் எழுதுவார்கள்? பூர்வகுடிகள் தம் பண்பாட்டு மரபையும் அதன் அறிவுசார் சொத்துரிமையையும் தாமே காத்துக்கொள்ளலாம் என்கிறது 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 31ஆவது பிரிவு. மலேசியாவும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் பிரகடனம் சட்டமாகாது.

காப்பகங்கள் பாதுகாப்பதைக் குறை சொல்லவில்லை. அவை இல்லையென்றால் பாட்டியின் குரலே இல்லை. பாடியவர் குடும்பத்துக்கும் கிராமத்துக்கும் ஒரு நகல் இலவசமாகக் கொடுங்கள். வெளியார் பயன்படுத்தும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோட்டத்துப் பேரன்,
சுங்கை சிப்புட், பேராக்