கீட்டனின் கதையை இந்த முறையாவது சரியாகச் சொல்லுங்கள்

ஊமைப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின் வாழ்க்கையைப் படமாக்க நினைக்கும் இயக்குநர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

கீட்டனின் கதை ஏற்கெனவே ஒரு முறை படமாகிவிட்டது. 1957இல் பாரமவுன்ட் நிறுவனம் எடுத்த 'தி பஸ்டர் கீட்டன் ஸ்டோரி'. டொனால்ட் ஓ'கானர் கீட்டனாக நடித்தார். உண்மையான கீட்டன் அப்போது உயிரோடு இருந்தார், ஆலோசகராகவும் இருந்தார். அப்படியிருந்தும் அவர் மணந்த மூன்று பெண்களில் ஒருவர்கூட அந்தக் கதையில் இல்லை. கற்பனையாக ஒரு மனைவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். தன் கதையின் உரிமைக்காகக் கிடைத்த 50,000 டாலரில் கீட்டன் லாஸ் ஏஞ்சல்ஸின் வுட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் வீடு வாங்கி, கோழி வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அந்தப் படத்தால் நடந்த நல்லது அந்த வீடு ஒன்றுதான் என்பேன்.

நீங்களும் அதே பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் முகம் சிரிக்காது. உடனே அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருந்தது என்று கதை கட்டத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிரிக்காமல் இருந்தது அவர் மேடையில் கற்ற தொழில். சின்ன வயதில் அப்பா ஜோ அவரை மேடையில் தூக்கி வீசுவார். பிடித்து எறிய வசதியாகச் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள். விழுந்து எழுந்து தானும் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தை இறுக்கமாக வைத்தால் அதிகம் சிரிக்கிறது என்று அந்தப் பையன் கண்டுகொண்டான். அவ்வளவுதான். அப்பாவின் குடி முற்றியபோது குடும்பமாக நடத்திய அந்த மேடைக் கூட்டு உடைந்தது. அதைச் சொல்லுங்கள். ஆனால் தன் அப்பாவைக் கொடுமைக்காரர் என்று கீட்டன் ஒருபோதும் சொன்னதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது அவர் வேலை செய்யும் விதம். 1917இல் அன்றைய நகைச்சுவை நட்சத்திரம் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குப் போனவர், கேமராவைக் கேட்டு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். அப்புறம் சொந்த ஸ்டுடியோ வந்தது. அங்கே அடுத்த காட்சிக்கு யோசனை வராவிட்டால் எல்லோரும் எழுந்துபோய் பேஸ்பால் ஆடுவார்கள். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது யோசனை வரும், மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுப்பார்கள். இதைக் காட்டவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பொறுமையாகப் பார்ப்போம்.

'தி ஜெனரல்' படத்துக்காக 1926 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் ஊரருகே எரியும் பாலத்தில் நிஜமான ரயில் எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழவைத்தார். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. 42,000 டாலர் செலவு. ஒரே ஒரு முறைதான் எடுக்க முடியும். அந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்குப் போகும்வரை ஆற்றிலேயே கிடந்தது. இப்போது காலம் கடந்து நிற்கும் அந்தப் படம் அன்று வசூலில் அடிவாங்கியது. அவருடைய சுதந்திரம் கைநழுவத் தொடங்கியது அங்கேதான்.

பேசும்படம் வந்ததால் கீட்டன் வீழ்ந்தார் என்று எழுதிவிடாதீர்கள். குரல் அவருக்கு ஒரு தடையே இல்லை, மேடையில் வளர்ந்தவர். எம்.ஜி.எம் என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவில் அவர் நடித்த பேசும்படங்கள் நன்றாகவே ஓடின. 1928இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்ததுதான் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று அவரே பின்னாளில் சொன்னார். எழுதி ஒப்புதல் வாங்கிய கதையைத்தான் எடுக்க வேண்டும், ஆபத்தான காட்சியில் தானே குதிக்கக் கூடாது. பேஸ்பால் ஆடி யோசனை பிடித்தவருக்கு அந்த ஏற்பாட்டில் மூச்சு முட்டியது. கூடவே குடி, 1932இல் முதல் மனைவியோடு மணமுறிவு, 1933இல் வேலை நீக்கம்.

கதையை அங்கேயே முடித்துவிடவும் வேண்டாம். 1940இல் அவரைவிட 23 வயது இளையவரான எலினாரை மணந்தார். 1966இல் இறக்கும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது. அவர் போன பிறகும் அந்தப் படங்களை மக்கள் பார்க்க வேண்டும் என்று பாடுபட்டவர் எலினார். 1957 படம் விட்டுவிட்ட அந்தப் பெண்மணிக்கு நீங்களாவது நல்ல பங்கு கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. என் எட்டு வயது மகளோடு 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' பார்த்தேன். ஊமைப்படம் என்பதால் திரையில் வசனம் எழுத்தாக வரும்போதெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் "சும்மா இருங்கப்பா, எனக்கே புரியுது" என்றாள். புயலில் வீட்டின் முன்சுவர் முழுதாகச் சாய்ந்து கீட்டன் மேல் விழுகிறது. மாடி ஜன்னலின் திறப்புக்குள் அகப்பட்டு அவர் நின்றபடியே நிற்கிறார். உடம்புக்கும் சட்டத்துக்கும் சில அங்குல இடைவெளிதான். சுவரும் நிஜம், ஆளும் நிஜம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கத்திச் சிரித்தாள்.

அந்தக் காட்சியை நீங்களும் எடுப்பீர்கள், தெரியும். நடிகரின் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை, என்ன நுட்பம் வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். ஆனால் முகத்துக்கு அருகே போகாமல், நடுவில் வெட்டாமல், பின்னணி இசை இல்லாமல், முழு வீடும் முழு ஆளும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுங்கள். கீட்டன் அப்படித்தான் எடுத்தார்.

அன்புடன்,
ஒரு கீட்டன் ரசிகன்