வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். நம் கடையில் வயர்லெஸ் செட் வாங்கிப் போகிறவர்களில் சிலர், மறுநாளே "வேலை செய்யலீங்க" என்று முத்துப்பேட்டையிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பஸ் பிடித்து மன்னார்குடி வந்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் செட்டில் பெரும்பாலும் கோளாறே இருக்காது, ரிசீவர்தான் இன்னும் மவுஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ரிசீவர் என்பது கட்டைவிரல் நகம் அளவுள்ள சின்ன யுஎஸ்பி துண்டு. பல மாடல்களில் மவுஸின் பேட்டரி மூடிக்குள் செருகியிருப்பார்கள், சிலவற்றில் அட்டைப்பெட்டியின் மூலையில் கிடக்கும், அதனால் பெட்டியைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை உதறிப் பாருங்கள். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, பேட்டரியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை இழுத்துவிட்டு, மவுஸின் அடியில் உள்ள சுவிட்சை ஆன் செய்தால் போதும். விண்டோஸ் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், சிடி எதுவும் வேண்டாம். செட்டாக வாங்கியிருந்தால் இரண்டுக்கும் ஒரே ரிசீவர்தான்.

அப்புறம், எங்கே செருகுகிறீர்கள் என்பது முக்கியம். மேசைக்கு அடியில் இருக்கும் சிபியுவின் பின்பக்கம் செருகினால் இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்கும், முன்பக்கம் செருகுங்கள். பக்கத்திலேயே யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் மவுஸ் திக்கித் திக்கி நகரும். ரிசீவர் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில், யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சலும் அதே இடத்தில் வந்து விழுகிறது (இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி எழுதியது). ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

ரிசீவரைத் தொலைத்துவிடாதீர்கள். சாதாரண செட்டுகளில் வேறு ரிசீவரை வாங்கிச் சேர்க்க முடியாது, செட்டையே மாற்ற வேண்டியதுதான். லாஜிடெக் நிறுவனத்தின் யுனிஃபையிங் போன்ற சில வகைகள் விதிவிலக்கு, யுனிஃபையிங்கில் ஒரே ரிசீவரில் 6 சாதனம் வரை இணைக்கலாம்.

புளூடூத் மாடல் என்றால் ரிசீவர் கிடையாது. செட்டிங்ஸில் புளூடூத் போய்ச் சாதனத்தைச் சேருங்கள், திரையில் எண் காட்டினால் அதைப் புதுக் கீபோர்டில் தட்டி எண்டர் அழுத்துங்கள். பழைய டெஸ்க்டாப்புகள் பலவற்றில் புளூடூத்தே இருக்காது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, வியாபாரத்துக்கு ஆகாத பேச்சுதான். நாள் முழுக்க வரிசை நிற்கும் இ-சேவை மையத்துக்கும் உரக்கடை பில் கவுண்டருக்கும் வயர் வைத்த கீபோர்டே நல்லது, பாதி வேலையில் பேட்டரி தீர்ந்து நிற்காது. கடை பூட்டிப் பல நாள் ஊருக்குப் போவதென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓடவில்லையா, கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம். ஆனால் வரும்போது கம்ப்யூட்டரில் செருகிய ரிசீவரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.