வண்டல் அள்ளும் முன் மடை மட்டம் பாருங்கள்

ஐயா,

கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 என்று அளவும் உண்டு. 75 கனமீட்டர் என்பது, யூனிட்டுக்கு 100 கன அடி என்ற கணக்கில், இருபத்தாறரை யூனிட். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் முக்கால் அங்குலம்கூட வராது. வயலுக்குப் போகும் மண்ணை இவ்வளவு துல்லியமாக அளப்பவர்கள், கண்மாயில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்டுகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

டிராக்டர் போக வசதி என்று பல இடங்களில் கரையை ஒட்டியே தோண்டுகிறார்கள். அங்கே தரை பெரும்பாலும் மடையின், அதாவது வயலுக்கு நீர் திறந்துவிடும் வாயின், அடிமட்டத்தில்தான் இருக்கும். அதற்கும் கீழே ஓர் எக்டேரில் ஒரு மீட்டர் வெட்டினால் 10,000 கனமீட்டர் கூடுதலாக நிற்கும். ஒரு சொட்டும் மடை வழியே வராது. இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். கிணறு ஊறும், மாடு குடிக்கும், அது வேறு. அதே அளவு மண்ணை, நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து விழும் உள்வாய் (கண்மாயின் உட்பகுதி) மேட்டில், மடை மட்டத்துக்கு மேலே, உபரிநீர் வழியும் கலிங்கு மட்டத்துக்குக் கீழே எடுத்தால், கசிவைக் கழிக்காமல் சொன்னால், சுமார் 50 ஏக்கருக்கு இரண்டு அங்குலம் ஒரு தண்ணீர் கட்டலாம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு தண்ணீருக்குத்தான் ஊரில் அடிதடியே.

கரையடியில் களிமண் படிவு உடைந்து சரளை தெரிந்துவிட்டால் ஆபத்தும் கூட. கண்மாய் நிறைந்ததும் நீர் கரைக்கு அடியில் புகுந்து வெளிப்புறம் ஊற்றாகக் கிளம்பும். கரைமேல் மணல் மூட்டை அடுக்கி அதை நிறுத்த முடியாது.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் போதும். மடைச்சுவரில், மடை வாயின் அடியில் இருக்கும் அடிக்கல்லிலிருந்து 5 அடி உயரத்தில் கோடு போட்டு, அதை முளை முளையாக உள்வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பும். எந்த முளையிலும் கோட்டிலிருந்து 5 அடிக்குக் கீழே ஜேசிபி வாளி இறங்கக் கூடாது. அடிக்கல் மண்ணில் புதைந்து கிடந்தால் முதலில் அதைத் தோண்டி எடுங்கள்; மேலே தெரியும் மண்ணையே அடிமட்டம் என்று வைத்தால் கணக்கு முழுதும் தவறு.

அனுமதிக் கடிதத்தோடு வெட்டும் இடத்தின் வரைபடத்தையும் இந்த மட்டத்தையும் சேர்த்துத் தர வட்டாட்சியர்களுக்கு அரசு உத்தரவிட வேண்டும். அதுவும் கண்மாய் காய்ந்து கிடக்கும்போதே. ஐப்பசி மழை விழுந்த பிறகு முளை அடித்துப் பயனில்லை.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
சிவகங்கை மாவட்டம்