முழங்காலை மடக்கினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

காலபோக வெட்டு தொடங்கினால் வன்னியில் வயலிலும் அரிசி ஆலையிலும் மூட்டை தூக்கும் வேலைக்கு ஓய்வில்லை. மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவருக்கு நாரி பிடித்துவிட்டால் "தூக்கத் தெரியாமல் தூக்கினான்" என்று முடித்துவிடுகிறார்கள். சுவரில் ஒட்டும் அறிவுரையும் அதையே சொல்கிறது: முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து.

இரண்டு முழங்காலுக்கும் நடுவே அடங்கும் சிறிய பெட்டிக்கு அந்த அறிவுரை சரி. நெல்மூட்டை அப்படி அடங்காது. குந்தியிருந்து தூக்கப்போனால் முழங்கால்களே மூட்டையை முன்னுக்குத் தள்ளி உடம்பிலிருந்து விலக்கிவிடும். சேதம் வருவது அந்த விலகலால்தான். நாரித் தசைகள் முள்ளந்தண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னால் நின்று இழுக்கின்றன. 50 கிலோ சீமெந்துப் பையின் நடு, முள்ளந்தண்டிலிருந்து 25 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால், பையின் பாரத்துக்கு மட்டும் தசை 250 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே பை 50 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் 500 கிலோ. குனிந்த உடம்பின் பாரம் இதற்கு மேல்.

நிறையைப் பற்றியும் நேராகப் பேசவேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேலிருந்தால் அதைக் குறைக்கவேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் கணக்கு இன்னும் இறுக்கமானது. இடுப்புயரம், உடம்போடு ஒட்டிய பிடி, திரும்பாத உடல் என எல்லாம் வாய்த்தாலும் 23 கிலோதான். பாரம் 50 சென்ரிமீற்றர் தள்ளிப்போனால் அதுவும் பாதியாகிவிடும். எங்கள் வயல்களிலோ 60, 70 கிலோவுக்கும் சாக்கைத் திணித்துக் கட்டுகிறோம். நெல் ஈரமாக இருந்தால் அதே சாக்கு இன்னும் பாரம்.

சாக்கைச் சிறிதாக்கினால் என்ன என்று கேட்டால் நாட்டாமைமாரே மறுப்பார்கள். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர் வேறென்ன சொல்வார்? கூலியைக் கிலோக் கணக்கில் பேசிவிட்டால் 40 கிலோ மூட்டை கட்டுவதில் யாருக்கும் நட்டமில்லை. சாக்கும் கட்டும் கயிறும் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்தது உயரம். நிலத்திலிருந்து தூக்குவதுதான் ஆகக் கெட்ட தூக்கு. வெட்டு மெசினிலிருந்து நெல்லை உதிரியாகவே உழவு இயந்திரப் பெட்டியில் கொட்டி ஆலைக்குக் கொண்டுபோகலாம். சாக்கில்தான் கட்டவேண்டும் என்றால், முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே உயரமுள்ள உறுதியான வாங்கின்மேல் சாக்கை நிறுத்தி நிரப்புங்கள். சுமப்பவர் குனியாமல் தோளைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்.

நிலத்தில் கிடக்கும் மூட்டைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒரு கை கீழ் மூலையிலும் மறு கை சாக்கின் மேல் மூலையில் பிடிக்க விட்ட காதிலுமாகப் பிடித்து, ஒருவர் மட்டும் குரல் கொடுக்க ஒன்றாகத் தூக்கவேண்டும். இருவர் சேர்ந்தால் இரண்டு மடங்கு தூக்கலாம் என்பது தவறான கணக்கு. இருவரின் பலத்தையும் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கையே நம்பலாம். உயரம் பொருந்தாத சோடியென்றால் அதுவும் இல்லை. பிளாஸ்ரிக் சாக்கு வியர்வைக் கையில் வழுக்கும் என்பதால் காது விட்டுக் கட்டுவது முக்கியம்.

லொறித் தட்டு 4 அடி உயரமென்றால் ஏறும் பலகை குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். 8 அடிப் பலகை 30 பாகை சரிவு, மாரிச் சேற்றுக் காலோடு அதில் ஏறக்கூடாது. குறுக்குச் சட்டம் அடித்து, மேல் முனையை லொறியில் கொளுவிவிடுங்கள். மூட்டையோடு இடுப்பை முறுக்காமல், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

நித்திரையால் எழும்பிய முதல் ஒரு மணித்தியாலம் முள்ளந்தண்டுத் தட்டுகள் நீர் ஊறிப் பருத்திருக்கும். அந்த நேரத்தில் ஆழக் குனிந்து தூக்குவது கூடுதல் ஆபத்து. விடியப்புறம் லொறி வந்து நின்றால் முதலில் பலகை கட்டுவது, சாக்கு எண்ணுவது போன்ற வேலைகளைச் செய்யலாம். கடையில் விற்கும் நாரிப்பட்டி காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் 1994இலேயே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு தள்ளுவண்டிச் சில்லு வாங்கலாம்.

சாதாரண நாரிப்பிடிப்புக்கு நாள்கணக்கில் படுக்கவேண்டாம், மெதுவாக நடமாடுவதே நல்லது. ஆனால் நாரி நோவோடு சலம் போக முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றிய இடம் மரத்துப்போனாலோ, கால் சோர்ந்தாலோ எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இயன்மருத்துவர் ஒருவர்,
கிளிநொச்சி