காய்ச்சல் விட்ட நாளில் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம். அம்மா வீடு திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இன்று காலை யார் துணையும் இல்லாமல் எழுந்து நடந்தார். அதைப் பார்த்ததும் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி எங்கள் குடும்ப டாக்டருக்கு. டெங்கு என்று உறுதியான அன்றே, "இதய நோயாளி, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் வேறு சாப்பிடுகிறார். நான் தனியாகப் பார்ப்பது சரியில்லை" என்று எங்கள் முன்னாலேயே சிறப்பு மருத்துவருக்குப் போன் செய்தீர்கள். ஆஸ்பிரினை நிறுத்துவதா வேண்டாமா என்று இதய மருத்துவரிடமும் கேட்டுச் சொன்னீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், வேறு வலி மாத்திரை கூடாது என்று சீட்டில் எழுதியும் கொடுத்தீர்கள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று இருந்தோம். அன்று போனில் விசாரித்த நர்ஸ் அக்கா, நீங்கள் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனார்? வயிறு வலிக்கிறதா? வாந்தி உண்டா?" என்றுதான் கேட்டீர்கள். சிறுநீர் ஒரே முறை, வாந்தி மூன்று முறை, வயிற்று வலி வேறு. "உடனே கிளம்புங்கள்" என்றீர்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் 100/80. நூறு இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டு எண்ணுக்கும் நடுவே 20தான் இருக்கிறது, அதுதான் ஆபத்து என்றீர்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹீமடோகிரிட்டும் 38இலிருந்து 46க்கு ஏறியிருந்தது; நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

சிறப்பு மருத்துவர் அவர்களே, டிரிப்ஸ் குறைந்தால் ரத்த ஓட்டம் படுத்துவிடும். கூடினால் அம்மாவின் இதயம் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துவிடும். இரவு முழுக்கப் பக்கத்திலேயே இருந்து அளவை மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 28,000க்கு இறங்கியதும் ஏற்றச் சொல்லிச் சத்தம் போட்டேன். ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதால் பயனில்லை, அதுவும் இதயத்துக்குக் கூடுதல் பாரம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அன்று பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுக்கத் தயாராக வந்து விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்த மூன்று நண்பர்களே, ரத்தம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த இரவில் நீங்கள் எனக்குத் தேவைப்பட்டீர்கள்.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு வருகிறோம். நர்ஸ் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.