சம்பெங் சந்துப் பட்டன்கள்

பாங்காக்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள சொக்கு,

நலம். நீ கையால் எழுதி, உன் பேத்தி போனில் படம் பிடித்து அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. எழுத்து அப்படியே பழைய பில்புக் எழுத்துதான். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் போதாது, டாக்டரைப் பார். இதைப் போன தீபாவளிக்கே சொன்னேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். மதுரைப் புதுமண்டபத்துக் கடையை விட்டு வந்ததிலிருந்து மனசு ஒட்டவில்லை, கல்தூணில் சாய்ந்துகொண்டு நூல்கண்டு எடுத்துக் கொடுத்த கைக்கு இந்த ஷட்டர் கடை பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். நான் இங்கே மகன் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் அந்த வரி கூடவே வருகிறது. அதனால் அரண்மனை, கோயில் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு சந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சம்பெங் என்று பெயர். சீனர்களின் கடைத்தெருவான யாவராட்டுக்கு இணையாக ஓடுகிறது. நம் விளக்குத்தூண் பக்கத்துச் சந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எதிரே ஆள் வந்தால் தோள் உரசும். அதற்குள்ளேயே தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் மூட்டைகளோடு வரும். யாரும் கோபப்படுவதில்லை, ஒதுங்கி வழிவிட்டுவிட்டு மறுபடி பேரத்தைத் தொடர்கிறார்கள். பட்டன், ஜிப், ரிப்பன், லேஸ், பாசி, ஹேர்கிளிப், பொம்மை, பை என்று தரையிலிருந்து கூரை வரை சரக்கு. ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒரு விலை, டஜன் எடுத்தால் இன்னொரு விலை. டஜனுக்கு ‘லோ’ என்கிறார்கள். நான் கற்றுக்கொண்ட முதல் தாய்லாந்துச் சொல் வணக்கம் இல்லை, அதுதான்.

காலையில் கடை திறக்கிற நேரத்துக்கே போயிருந்தேன். பட்டன் கடை ஒன்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் இருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. கால்குலேட்டரில் ஒரு தொகையை அடித்து என் பக்கம் திருப்பினார். நான் குறைத்து அடித்துத் திருப்பினேன். அவர் சிரித்துவிட்டு நடுவில் ஒன்றை அடித்தார். நான்கு தடவை போய்வந்ததும் படிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நான் கொடுத்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த பட்டன் அட்டைகள், லேஸ் சுருள்கள், ஜிப் கட்டுகள் எல்லாவற்றின் மேலும் தட்டிக்கொண்டே கடையை ஒரு சுற்று வந்தார். போணி, சொக்கு! கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவாயே, அதே நோட்டு, அதே நம்பிக்கை. கடையின் மூலையில், வா வா என்று கையசைத்து அழைக்கிற ஒரு பெண் தெய்வத்தின் சிலை. நாங் குவாக் என்று பெயர். வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறவள். முன்னால் ஒரு பாட்டில் சிவப்பு ஃபேன்டா, உறிஞ்சுகுழலோடு.

இந்தச் சந்து எப்படி வந்தது என்று மகன் சொன்னான். 1782-இல் முதலாம் ராமா மன்னர் சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரம் அமைக்க வந்தார். அரண்மனை எழவேண்டிய இடத்தில் சீன வியாபாரிகள் குடியிருந்தார்கள். அவர்களை நகரச் சுவருக்கு வெளியே, தெற்கே போய் இருந்துகொள்ளச் சொன்னார்கள். பெட்டி படுக்கையோடு, தராசோடு, சரக்கோடு அவர்கள் போய் இறங்கிய இடம்தான் சம்பெங். இன்று அரண்மனையில் அரசர் குடியிருப்பதில்லை, சடங்குகளுக்கு மட்டும் வருகிறார். சந்தில் 240 வருஷத்துக்கு மேலாக வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. இடம் மாறின முதல் வருஷத்தில் அவர்களில் ஒருவராவது சொந்த ஊருக்கு உன்னைப்போல ஒரு கடிதம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

சந்தின் மேற்குக் கோடியைத் தாண்டினால் பாஹுராட். துணிக்கடை பஜார். பெரும்பாலும் சீக்கியர்கள்; தங்கக் கூம்பு வைத்த குருத்வாரா நடுவில் நிற்கிறது. சேலை, சல்வார், திரைத்துணி, ராமாயண நாட்டியம் ஆடுகிறவர்களுக்கான ஜரிகையும் சம்கியும் எல்லாம் அங்கேதான். அங்கே இன்னும் கஜக் கணக்கில் துணி கிழிக்கிறார்கள். கத்தரி நுனியில் ஒரு வெட்டு, பிறகு கையாலேயே ‘சர்ர்’ என்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! கவுண்டரில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். மருமகள் என்னைக் காணோம் என்று தேடி வந்தாள்.

யாவராட்டில் தங்கக் கடைகள். உள்ளே சுவரெல்லாம் சிவப்பு, அதன் மேல் சங்கிலிகள் தொங்குகின்றன. ‘பாட்’ என்பது இங்கே பணத்துக்கும் பெயர், தங்க எடைக்கும் பெயர். நாம் பவுன் என்கிறோமே, அதே கதை. நம் பவுன் 8 கிராம், இவர்கள் பாட் 15 கிராம் சொச்சம். தரம் நூற்றுக்கு 96.5. நம் 916-ஐவிட மஞ்சள் தூக்கலாக இருக்கிறது. வாங்கவில்லை, விலை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அரண்மனைக்குப் போன அன்று ஒரு சங்கடம். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், நன்றாக உடுத்திய ஒரு ஆள் வந்து, ‘இன்று பூஜை, அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாட் கொடுத்தால் வேறு நல்ல கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று இனிமையாகப் பேசினான். நானும் ஆட்டோவில் ஏறிவிட்டேன். கோயிலைக் காட்டிவிட்டு நேரே ஒரு நவரத்தினக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினான். முப்பது வருஷம் கவுண்டரில் நின்றவன் நான், அந்தப் பேச்சின் ருசி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனசு வலித்தது. நீ வந்தால் யார் என்ன சொன்னாலும் கேட்காதே. காலை எட்டரைக்கு வாசலுக்கே போய்விடு. ஆளுக்கு 500 பாட், நம் பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

உள்ளே மரகத புத்தர். மரகதம் என்று பெயரே தவிரப் பச்சை ஜேடு கல். உயரம் 66 சென்டிமீட்டர்தான், ஆனால் அவ்வளவு உயரமான பீடத்தில் வைத்திருக்கிறார்கள். நம் தொழில்காரன் கண்ணுக்கு அவருடைய உடைதான் முதலில் படும். கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று மூன்று பொன் உடை. பருவம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுகிறார். இப்போது குளிர்காலம், தோளிலிருந்து கீழே வரை பொன்வலை போர்த்தியிருக்கிறது, ஒரு நல்ல நெசவாளி நெய்த சல்லாத் துணிபோல. சாமிக்குக் குளிரும் என்று நினைக்கிற மனசு எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு அந்த ஊர் பிடித்துவிடும். சுற்றுப் பிராகாரச் சுவரில் 178 ஓவியங்களில் அவர்களுடைய ராமாயணம். அதில் அனுமன் பிரம்மசாரி இல்லை, காதலிகள் உண்டு. எனக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்திலேயே வாட் போ, 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர்; பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பாதத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன்.

இனி உனக்கு என்று எடுத்து வைத்திருக்கிற செய்தி. பழைய நகரத்தின் நடுவே சாவோ சிங் சா என்று ஒரு பெரிய ஊஞ்சல் நிற்கிறது. ஊஞ்சல் என்றால் பலகை இல்லை இப்போது. சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு தேக்குத் தூண்கள், மேலே குறுக்குவிட்டம், ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். 1784-இல் முதலில் கட்டினது. இப்போது நிற்கிற மரம் 2007-இல் மாற்றியது. முன்காலத்தில் மார்கழி, தை வாக்கில் இளைஞர்கள் அதில் ஏறி வானளாவ ஆடி, மூங்கில் நுனியில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தத் திருவிழாவின் பூஜை பகுதி நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்று பிராமணர் கோயில்: சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி, எளிய வெள்ளைக் கட்டடங்கள். அந்தப் பூஜைக்குப் பெயர் ‘த்ரியம்பவாய் த்ரிபவாய்’. வாய்விட்டுச் சொல்லிப் பார், சொக்கு. திருவெம்பாவை, திருப்பாவை! சிவனும் திருமாலும் பூமிக்கு வந்து தங்குகிற நாட்களில் அந்த அந்தணர்கள் அந்தப் பாட்டுகளை இன்றும் ஓதுகிறார்கள். சொற்கள் தேய்ந்து, பொருள் கைவிட்டுப் போய், மந்திரமாக நிற்கின்றன. தங்கள் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு.

திருவாதவூர் நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே பிறந்த மாணிக்கவாசகருடைய பாட்டு கடல் தாண்டி, அர்த்தத்தைக்கூட இழந்து, ஆனால் விடாமல் பாடப்படுகிறது. மார்கழி அதிகாலையில் கம்பளி போர்த்திக்கொண்டு ஆடிவீதியில் உன் அம்மாவோடு நடந்ததும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி கண்ணில் படாமல் பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டபத்துக்கு ஓடினதும் அந்தத் தூண்களுக்குக் கீழே நினைவுக்கு வந்தன. சுற்றி பஸ்ஸும் டாக்ஸியும் போய்க்கொண்டிருந்தன. வாயில் இருந்ததை இரண்டு அடி பாடினேன்.

சதுசக் சந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சனி, ஞாயிறுதான் முழுச் சந்தை. பதினையாயிரம் கடை என்கிறார்கள், 27 பகுதி. மணிக்கூண்டை அடையாளம் வைத்துக்கொள்ளாவிட்டால் தொலைந்துவிடுவோம். வெயில் தாங்கவில்லை, தேங்காய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். சியாம் பக்கத்துப் பெரிய மால்களிலும் எனக்கு மனம் செல்லவில்லை. எல்லாக் கடையும் எல்லா ஊரிலும் இருக்கிற கடை, நோட்டைத் தட்டுகிற கை எதுவும் அங்கே இல்லை. ஆனால் அந்த மால்களின் வாசலைப் பார்க்கவேண்டும். ராட்சப்ரசோங் முனையில் நான்முகப் பிரம்மாவுக்கு ஒரு சன்னதி, 1956-இல் வைத்தது. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் தேடித்தான் போகவேண்டும். இங்கே கடைப்பைகளைத் தோளில் மாட்டியபடி நான்கு முகத்துக்கும் சுற்றிவந்து ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். எதிர்ப்பக்கம் சென்ட்ரல் வேர்ல்டு வாசலில் பிள்ளையாரும் திரிமூர்த்தியும். மனசுக்குப் பிடித்த துணை அமையவேண்டும் என்கிறவர்கள் வியாழக்கிழமை ராத்திரி சிவப்பு ரோஜாவோடு திரிமூர்த்தியிடம் வருகிறார்கள். கடை இருக்கிற இடத்துக்குத் தெய்வம் தேடி வந்துவிடுகிறது என்று அன்று மகனிடம் சொன்னேன். சொல்லும்போது உன் ஷட்டர் கடையைத்தான் நினைத்தேன். அங்கே இன்னும் மீனாட்சி படம் மாட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை முதலில் மாட்டு.

சீலோம் தெருவில் நம் மாரியம்மன் கோயில். 1879 வாக்கில் வைத்தி படையாட்சி என்ற தமிழர் முன்னின்று கட்டியது. உள்ளே நுழைந்தால் நம் கோபுரம், நம் கற்பூர வாசனை. ஆனால் கைகூப்பி நிற்கிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். உமாதேவி என்று அழைக்கிறார்கள். விஜயதசமிக்கு அந்தப் பெரிய தெருவையே மறித்து ஊர்வலம் போகுமாம், நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. வாசலில் மாலை விற்கிற பெண்ணிடம் மல்லிகையைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ‘மலி’ என்றாள். மாலைக்கு ‘மாலாய்’. தலையில் வைத்துக்கொள்வதில்லை, மொட்டாகவே நெருக்கமாகக் கோத்து, சாமிக்குச் சாத்துகிறார்கள், காரின் கண்ணாடியில் தொங்கவிடுகிறார்கள். நம் மல்லியின் கனம் அதில் இல்லை. ஆனால் கோக்கிற கை நம் பூக்காரம்மா கையைவிட வேகம்.

மகனோடு வேலை பார்க்கும் பையன் அடுத்த வாரம் மதுரை வருகிறான். அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். சம்பெங்கில் அந்த அம்மாளிடம் வாங்கிய பட்டன், எட்டு அட்டை, எட்டும் வேறு வேறு ரகம். கடைமுகப்பில் மாட்டிப் பார். தையற்காரர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று எனக்கு எழுது; கேட்டதை டஜன் டஜனாக வாங்கி நான் தை மாதம் வரும்போது கொண்டுவருகிறேன். சிப்பிப் பட்டனைச் சுரண்டிப் பார்த்துதான் வாங்கினேன், பிளாஸ்டிக் இல்லை. விலை ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் இருக்கிறது. நம் பழைய கடையின் ரகசியக் குறியில்தான் எழுதியிருக்கிறேன். பேத்தி படிக்கச் சொன்னால் அவளுக்குப் புரியாது, நீதான் படிக்கவேண்டும்.

என்றும் உன்,
முத்து